கட்டடம் மட்டுமே களமாகாது!

சென்னை, திருச்சி, மதுரை, நீலகிரி ஆகிய நான்கு இடங்களில் ஒலிம்பிக் அகாதெமிகள் அமைக்கப்படும் என்பது தமிழக அரசின் அறிவிப்பு. திருச்சிக்கான அகாதெமிக்குத் திருவெறும்பூர் வட்டத்தில், சூரியூரை ஒட்டிய எலந்தப்பட்டிப் பகுதி தெரிவு செய்யப்பட்டது. காவிரிப் படுகை மாவட்டங்களின் இளைஞர்கள் நெடுங்காலமாக எதிர்பார்த்திருந்த வசதி இது. அரசின் முடிவு வரவேற்கத்தக்கது.

ஆனால், இத்தகைய மையங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் எத்தனை ஏக்கர், எத்தனை கோடி, எத்தனை இருக்கைகள் என்றே கணக்கிடுகிறோம். மையம் திறக்கப்பட்டுப் பத்தாவது ஆண்டில் அங்கு பயிற்றுநருக்கு ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து வரும், வீரர்களின் உணவுக்கான தொகை காலத்தில் வந்து சேருமா, காயமடைந்த மாணவிக்குச் சிகிச்சையளிக்க இயன்முறை மருத்துவர் இருப்பாரா என்ற கேள்விகளை எழுப்புவோர் சிலரே. பதக்கத்தைத் தீர்மானிப்பவை இந்தக் கேள்விகள்தாம்.

பொருளியல் மாணவர்களுக்கு முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் பாடம் ஒன்று உண்டு. இருப்பு வேறு, ஓட்டம் வேறு. ஏரி என்பது இருப்பு. அதில் வந்து சேரும் நீர் ஓட்டம். அரசின் வரவு-செலவுத் திட்டத்திலும் இவ்வேறுபாடு மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்ற இரு தலைப்புகளில் காணப்படுகிறது. விளையாட்டரங்கம், ஓடுதளம், விடுதி ஆகியவை மூலதனச் செலவு. ஒருமுறை செய்தால் கல்வெட்டில் பெயர் நிற்கும். பயிற்றுநர், உணவு, மருத்துவம், போட்டிப் பயணம், பராமரிப்பு ஆகியவை வருவாய்ச் செலவு. ஆண்டுதோறும் செய்தாக வேண்டும். யாருடைய பெயரும் நிற்காது. நிதி நெருக்கடி வரும்போது முதலில் குறைக்கப்படுவதும் இந்தச் செலவுதான்.

விளையாட்டு, அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில், 33-ஆவது இனமாக இடம்பெற்றுள்ளது. எனவே, முதன்மைப் பொறுப்பு மாநில அரசுடையது. தமிழக அரசின் 2025-26 வரவு-செலவுத் திட்டத்தில் இளைஞர் நலன், விளையாட்டு மேம்பாட்டுத் துறைக்கு ரூ.572 கோடி ஒதுக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பார்த்தால், இது தலைக்கு ஆண்டொன்றுக்கு 80 ரூபாய்க்கும் குறைவு.

மத்திய அரசின் பங்கு பெரும்பாலும் 'கேலோ இந்தியா' திட்டத்தின் வழியே வருகிறது. இத்திட்டத்துக்கு 2017-18 முதல் 2019-20 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு ரூ.1,756 கோடியும், 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.3,165.50 கோடியும் ஒப்புதல் அளிக்கப்பட்டன. இதன் கீழ் உள்கட்டமைப்புக்காக உத்தர பிரதேசம், குஜராத் ஆகிய மாநிலங்களுக்குத் தலா ரூ.400 கோடிக்கு மேல் அனுமதிக்கப்பட்டிருந்த நிலையில், தமிழகத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ ரூ.20 கோடி. பாரீஸ் ஒலிம்பிக் போட்டியையொட்டி இப்புள்ளிவிவரம் நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. இந்தப் பாகுபாடு களையப்பட வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. ஆயினும், நமக்குரிய பங்கு முழுமையாகக் கிடைத்தாலும், அது கட்டடங்களாகவே வந்து சேர்ந்தால் சிக்கல் தீராது என்பதையும் உணர வேண்டும்.

திருச்சிப் பகுதியில் திறமைக்குப் பஞ்சமில்லை. லால்குடி வட்டத்தைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ், 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்திய அணியில் இடம்பெற்றார். திருச்சியைச் சேர்ந்த சுபா வெங்கடேசன் டோக்கியோ, பாரீஸ் ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் தொடர் ஓட்ட அணியில் இருந்தார். திருச்சி ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றிய ராஜேஷ் ரமேஷ், 2023 புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டியில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தை 2 நிமிடம் 59.05 விநாடியில் முடித்து ஆசியச் சாதனை படைத்த இந்திய அணியின் கடைசி ஓட்டக்காரர்.

மூவரும் ஒரே தூரத்தை ஓடுபவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு வட்டாரத்தில் ஒரு குறிப்பிட்ட விளையாட்டு வேரூன்றியிருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால், ராஜீவை 400 மீட்டர் வீரராக உருவாக்கியது ராணுவம். ராஜேஷுக்கு வருவாய் அளித்தது ரயில்வே. பன்னாட்டுத் தரத்துக்கு உயர்த்தியது வடபுலத்திலும் கேரளத்திலும் நடைபெறும் தேசியப் பயிற்சி முகாம்கள். விதை இங்கே இருந்தது; பாத்தி வேறிடங்களில் இருந்தது.

அண்டை மாவட்டமான அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் மற்றொரு சான்று. அவர் கோவில்பட்டியில் உள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி சிறப்பு மையத்தில் பயின்று, 2022-இல் ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பெற்றார். கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் அதே அணியில் இருந்தார். ஒரு சிறு நகரத்து மையம் ஒரே நேரத்தில் இருவரை தேசிய அணிக்கு அனுப்ப முடிந்தது. அந்த ஊரில் தலைமுறைகளாக ஹாக்கி ஆடப்படுகிறது என்பதும், அந்த மரபின் மீது அரசு மையம் அமைந்தது என்பதும் இதற்குக் காரணங்கள். வட்டார மையம் என்ற கருத்து பயன் தரும் என்பதற்கு நாம் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அரசு எதற்காக ஒரு சிலரின் உயர்நிலைப் பயிற்சிக்குப் பொதுப்பணத்தைச் செலவிட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொறியியல் பயில விரும்பும் மாணவருக்கு வங்கி கல்விக் கடன் தரும். ஏனெனில், படித்து முடித்தால் வேலை கிடைக்கும் வாய்ப்பை வங்கியால் ஓரளவு கணிக்க முடியும். பதின்மூன்று வயதில் நன்றாக ஓடும் விவசாயத் தொழிலாளியின் மகளுக்கு எந்த வங்கியும் கடன் தராது. அவள் பன்னாட்டுத் தரத்தை எட்டுவாளா, இடையில் காயமடைவாளா என்று எவராலும் கூற இயலாது. இடர் மிகுதி, பிணை இல்லை. தனியார் விளம்பரதாரர்கள் வெற்றிக்குப் பிறகே வருவார்கள். ஆகவே, பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் சந்தை ஒதுங்கிக்கொள்கிறது. அந்த இடைவெளியை நிரப்பக் கூடியது அரசு மட்டுமே.

இந்த இடைவெளி நம் திட்டங்களிலும் தெரிகிறது. தமிழகத்தில் உயர்நிலை வீரர்களுக்கு ஆண்டுக்கு ரூ.30 லட்சம் வரையிலும், பன்னாட்டுப் பதக்க இலக்குத் திட்டத்தில் ரூ.12 லட்சம் வரையிலும், வாகையர் மேம்பாட்டுத் திட்டத்தில் ரூ.4 லட்சம் வரையிலும் உதவி வழங்கப்படுகிறது. இவை பாராட்டத்தக்கவை. தேசிய அளவில் 2014-இல் தொடங்கப்பட்ட ஒலிம்பிக் பதக்க மேடை இலக்குத் திட்டமும் இவ்வகையினது. பாரீஸ் ஒலிம்பிக் போட்டிக்கான தயாரிப்புக்கு மத்திய அரசு ஏறத்தாழ ரூ.470 கோடி செலவிட்டது. இந்தியா 6 பதக்கங்கள் பெற்றது. இவையனைத்தும் ஏற்கெனவே தம்மை நிரூபித்தவர்களுக்கானவை. மலையின் உச்சிக்கு அருகில் வந்துவிட்டவருக்குக் கை கொடுக்கிறோம்; அடிவாரத்திலிருந்து அங்கு வந்து சேரும் பாதையைச் செப்பனிடுவது குறைவு.

வட்டார மையத்தை நடத்த எவ்வளவு ஆகும்? கேலோ இந்தியா திட்டத்தின் அளவுகோலின்படி, தெரிவு செய்யப்பட்ட வீரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.6.28 லட்சம். இதில் ரூ.1.20 லட்சம், அதாவது மாதம் ரூ.10,000, அவர் கைச்செலவுக்கானது. எஞ்சிய ரூ.5.08 லட்சம் பயிற்சி, தங்குமிடம், உணவு, போட்டிப் பயணம், கல்வி முதலியவற்றுக்கானது. நூறு வீரர்கள் கொண்ட ஒரு மையத்துக்கு இதே அளவுகோலைப் பொருத்தினால் ஆண்டுக்கு ரூ.6.28 கோடி. விலைவாசி உயர்வைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும் பத்து ஆண்டுகளுக்கு ரூ.62.8 கோடி. ஒரு விளையாட்டு வளாகத்துக்கு அடிக்கல் நாட்டும்போதே, இந்தத் தொகையும் அரசின் கடமையாகிவிடுகிறது. ஆனால், அடிக்கல்லில் அது எழுதப்படுவதில்லை.

நம் முன்னோர் இந்தக் கணக்கை நன்கு அறிந்திருந்தனர். சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. அவற்றை 'சாவா மூவாப் பேராடு' என்று குறித்தனர். பொறுப்பேற்ற இடையர் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்தாக வேண்டும். விளக்கைச் செய்து கொடுப்பதோடு கொடை முடியவில்லை. அது என்றும் எரிவதற்கான வருவாய்க்கும் வழிசெய்யப்பட்டது. முதலைத் தொடாமல் விளைவை மட்டும் செலவிடும் இன்றைய அறக்கட்டளை நிதியின் இலக்கணமும் இதுதான்.

ஸ்ரீரங்கம் திருக்கோயிலில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் கணிசமானவை நிலம், பொன், பசு என ஏதேனும் ஒரு கொடையைப் பதிவு செய்பவை. அக்கோயிலின் ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாமல் நின்று, 1987-இல்தான் 236 அடி உயரத்துக்கு எழுந்து நிறைவுற்றது. கோபுரம் அடித்தளத்தோடு நின்றிருந்த அந்நாள்களிலும் விளக்கு எரிந்தது, அமுது படைக்கப்பட்டது. அன்றாடச் செலவுக்கு நிவந்தம் இருந்ததே காரணம். நம் விளையாட்டு மையங்களில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. கோபுரம் முதலில் எழுகிறது. விளக்குக்கு நெய் தேடுகிறோம்.

அயல்நாட்டு அனுபவமும் இதையே கூறுகிறது. பிரிட்டன் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியில் ஒரே ஒரு தங்கத்துடன் பதக்கப் பட்டியலில் 36-ஆவது இடத்தைப் பெற்றது. 1994-இல் தொடங்கப்பட்ட தேசிய லாட்டரியின் வருவாயில் ஒரு பகுதி, 1997 முதல் உயர்நிலை விளையாட்டுக்குத் தொடர் நிதியாகத் திருப்பிவிடப்பட்டது. 2002-இல் மருத்துவர், உடலியல் வல்லுநர், உளவியலாளர் ஆகியோரின் சேவையை வட்டார அளவில் வீரர்களுக்கு அளிக்கும் இங்கிலாந்து விளையாட்டு நிறுவனம் அமைந்தது. லஃபரோ, பாத் போன்ற பல்கலைக்கழக வளாகங்களே அதன் களங்கள் ஆயின. சிட்னியில் 11 தங்கம். 2012 லண்டனில் 29 தங்கம். அங்கு வெற்றியைத் தந்தது ஒரு பெரும் கட்டடம் அன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன்னதாகவே இவ்வளவு தொகை வரும் என்று பயிற்றுநருக்குத் தெரிந்திருந்த உறுதிப்பாடே.

அதே முறையின் குறையையும் காண வேண்டும். பதக்க வாய்ப்பு இல்லாத விளையாட்டுகளுக்கு அங்கு நிதி நிறுத்தப்பட்டது. 2014-இல் கூடைப்பந்து முழு நிதியையும் இழந்தது. ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகள் மிகுதியாக ஆடும் விளையாட்டு அது. பதக்கத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் இத்தகைய விபரீதம் நேரும்.

இந்தியாவிலேயே ஒடிஸா ஒரு நல்ல பாடம். அம்மாநிலம் 2018 முதல் தேசிய ஹாக்கி அணிகளின் புரவலராக உள்ளது. டோக்கியோவிலும் பாரீஸிலும் ஆடவர் அணி வெண்கலம் வென்றது. ஆனால், அதன் வேர் பழையது. சுந்தர்கர் மாவட்டத்தின் பழங்குடிச் சிற்றூர்களில் ஹாக்கி வாழ்வின் ஒரு பகுதி. ரூர்கேலாவின் பான்போஷ் விளையாட்டு விடுதி பல பத்தாண்டுகளாக அச்சிறுவர்களை வளர்த்தெடுத்தது. அம்மாவட்டத்தின் 17 ஒன்றியங்களிலும் செயற்கைப் புல்தரை அமைக்கும் திட்டம் பின்னர் வந்தது. ஹரியாணாவின் பிவானியிலிருந்து 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற ஐந்து இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் நால்வர் புறப்பட்டனர். அங்கு மாட மாளிகை ஏதும் இல்லை. ஊரிலேயே தங்கி ஆண்டுக்கணக்கில் கற்பித்த பயிற்றுநர் இருந்தார்.

பள்ளிகளில் விளையாட்டுத் திடலே இல்லாதபோது உயர்நிலை மையம் எதற்கு என்று வாதிடுவோர் உண்டு. வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால், இரண்டில் ஒன்று என்பது பொய்யான தெரிவு. அகன்ற அடித்தளம் இல்லாத மையத்துக்கு மாணவர்கள் கிடைக்க மாட்டார்கள். மேலே செல்ல வழியில்லாத பள்ளித் திடலில் திறமை பதினாறு வயதோடு வாடிவிடும். மையத்தின் பயிற்றுநர்கள் வாரத்தில் ஒரு நாள் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குச் சென்று உடற்கல்வி ஆசிரியர்களுடன் பணியாற்றுவதைக் கடமையாக்கினால், ஒரே செலவு இரு பயன்களைத் தரும்.

தொலைவும் ஒரு செலவுதான். ஸ்ரீரங்கத்திலோ திருவானைக்காவலிலோ வாழும் பன்னிரண்டு வயதுச் சிறுமி, காவிரிப் பாலத்தைக் கடந்து, நகரத்தின் நெரிசலைத் தாண்டி, விமான நிலையத்துக்கும் அப்பால் உள்ள மையத்துக்கு விடியற்காலையில் சென்று, பள்ளி மணி அடிப்பதற்குள் திரும்ப முடியுமா? காஜாமலையில் உள்ள அண்ணா விளையாட்டரங்கத்துக்குச் செல்வதே பல பெற்றோருக்குக் கடினம். பேருந்துக் கட்டணத்தைவிட, வேலையை விட்டுவிட்டு உடன் செல்லும் தாயின் அரை நாள் கூலியே பெரிய இழப்பு. இக்கணக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. ஆனால், பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவதை அதுவே தீர்மானிக்கிறது.

எனவே, திருச்சி மையத்தை முன்னிட்டுச் சில ஆலோசனைகளை முன்வைக்கலாம்.

முதலாவதாக, மையத்துக்கென ஒரு நிலை நிதி உருவாக்கப்பட வேண்டும். ரூ.6.28 கோடியை முழுவதும் வட்டியிலிருந்தே பெற வேண்டுமெனில், 7 சதவீத வட்டியில் ஏறத்தாழ ரூ.90 கோடி முதல் தேவை. பணவீக்கம் 4 சதவீதம் எனக் கழித்து, நிகர வருவாய் 3 சதவீதம் எனக் கொண்டால் ரூ.209 கோடி ஆகும். இது பெருந்தொகை. ஆனால், பயிற்றுநர் ஊதியம், உணவு, மருத்துவம் ஆகிய இன்றியமையாத மூன்றில் ஒரு பங்குச் செலவுக்கு மட்டும் நிலை நிதி அமைத்தால் ஏறத்தாழ ரூ.70 கோடி போதும். எஞ்சியதை ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்து பெறலாம். ஒதுக்கீடு தாமதமானாலும் அடுப்பு அணையாது.

இந்த முதலை அரசு மட்டுமே தர வேண்டியதில்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, ஊரக விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியை நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவில் சேர்த்துள்ளது. திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனமும் பொன்மலையில் ரயில்வே பணிமனையும் உள்ள ஊர் இது. நிறுவனங்கள் பரிசுக் கோப்பைகளுக்குத் தருவதை நிலை நிதிக்குத் தருமாறு அரசு நெறிப்படுத்தலாம்.

இரண்டாவதாக, பயிற்றுநர் பணியிடங்கள் கட்டுமானம் முடிவதற்கு முன்பே உருவாக்கப்பட்டு, குறைந்தது எட்டு ஆண்டுகள் அங்கேயே பணியாற்றும் வகையில் நிரப்பப்பட வேண்டும். ஒரு வீரர் உருவாகும் காலம் அது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருக்கும் பயிற்றுநர் அடுத்த போட்டியையே நினைப்பார்; அடுத்த ஒலிம்பிக் போட்டியை நினைக்க மாட்டார்.

மூன்றாவதாக, இருபது விளையாட்டுகளைத் தொடங்காமல், தடகளத்தை முதன்மையாகவும், வட்டாரத்தில் ஏற்கெனவே வேரூன்றிய இரண்டு அல்லது மூன்றைத் துணையாகவும் கொள்ள வேண்டும். ஸ்ரீரங்கம், லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர், மணப்பாறை ஆகிய இடங்களில் எளிய கிளைத் திடல்கள் அமைத்து, பதினான்கு வயது வரை சிறுவர்களை அவரவர் ஊரிலேயே பயிற்றுவித்து, அதன் பின்னரே விடுதிக்கு அழைக்கலாம்.

நான்காவதாக, கல்வி. ஆயிரம் பேர் பயின்றால் பதக்கம் பெறுவோர் சிலரே. மற்றவர்கள் இருபத்திரண்டு வயதில் பட்டமும் இன்றி, பதக்கமும் இன்றி நிற்கக் கூடாது. பாரதிதாசன் பல்கலைக்கழகமும், நூற்றாண்டு கண்ட கல்லூரிகளும், தேசிய தொழில்நுட்பக் கழகமும் இந்நகரில் உள்ளன. நெகிழ்வான தேர்வு அட்டவணை, விளையாட்டு மருத்துவம், உயிரிவிசையியல் ஆய்வு ஆகியவற்றில் இவற்றை இணைக்கலாம். அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்குள்ள 3 சதவீத ஒதுக்கீடு வழி காட்டும்; ஆனால், அது எல்லோருக்கும் போதாது.

ஐந்தாவதாக, ஆண்டறிக்கை. மையத்தில் எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் விலகினர், ஏன் விலகினர், எத்தனை பேர் காயமுற்றனர், பயிற்றுநர் பணியிடங்களில் எத்தனை காலியாக உள்ளன, ஊக்கமருந்துப் பரிசோதனைகள் எத்தனை, சிறார் பாதுகாப்புப் புகார்கள் எவ்வாறு தீர்க்கப்பட்டன என்பவற்றை வெளிப்படையாகப் பதிப்பிக்க வேண்டும். பதக்க எண்ணிக்கை இப்பட்டியலின் கடைசி வரியாக இருக்கட்டும்.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகள் தமிழகத்தில் நடைபெற்றபோது, சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களோடு திருச்சியும் களமாக இருந்தது. தமிழகம் 38 தங்கத்துடன் இரண்டாம் இடம் பெற்றது. போட்டிகளைச் சிறப்புற நடத்தும் ஆற்றல் நமக்கு உண்டு என்பதை அது காட்டியது. பதின்மூன்று நாள் விழாவைவிட, அதன் பின் வரும் முந்நூற்று ஐம்பது நாள்களை நடத்துவதே கடினம்.

2036 ஒலிம்பிக் போட்டியை இந்தியாவில் நடத்த வேண்டும் என்று விரும்புகிறோம். அப்போது இருபத்து நான்கு வயதில் களமிறங்க வேண்டியவர் 2012-இல் பிறந்தவர். அவர் இப்போது நம் பள்ளி ஒன்றில் படித்துக் கொண்டிருக்கிறார்; துறையூரிலோ, முசிறியிலோ, ஸ்ரீரங்கத்தின் ஏதோ ஒரு தெருவிலோ இருக்கலாம். கட்டடம் எழும் வரை அவர் வயது காத்திருக்காது. மையத்தின் நடைமுறைச் செலவுக்கான ஆணையும் பயிற்றுநர் நியமனமும் இந்த ஆண்டே வருமானால், இருக்கும் திடல்களிலேயே அவருக்கான பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).